காலி மாத்திரை அட்டைகள்

ஆனைமலைக்கு மேலே ஒரு பழங்குடிக் குடியிருப்பு. மாதம் ஒருமுறை அங்கே சர்க்கரை மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. என் பட்டியலில் அந்த ஊருக்கு ஒரே ஒரு பெயர்தான். காட்டில் தேனும் கிழங்கும் எடுத்துப் பிழைக்கும் ஓர் அம்மா. போனதும் காலி அட்டைகளைக் கேட்பேன். ஒன்று விடாமல் எடுத்துத் தருவார். தவறாமல் சாப்பிடுகிறார் என்று நோட்டில் எழுதிவிடுவேன். ஆனால் சர்க்கரை இறங்கவே இல்லை. இடது கால் விரலில் வந்த புண்ணும் ஆறவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ரேஷன் அரிசிச் சோறும் கருப்பட்டிக் காப்பியும்தான் காரணம் என்று நானே முடிவுகட்டி, மாதாமாதம் அவரை வறுத்தெடுத்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

ஒருநாள் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவள், மறந்துவைத்த குடைக்காகப் பாதி வழியில் திரும்பினேன். வாசலில் தேக்கிலைகளைப் பரப்பி அவர் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கிப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒரு பங்கு. தேன் வந்தாலும் கிழங்கு வந்தாலும் அங்கே அப்படித்தான் பிரிப்பார்கள். எத்தனையோ தடவை எனக்கே ஒரு பங்கு தேன் கொடுத்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. அவர் தனக்கென்று வைத்திருந்ததும் மற்றவர்கள் அளவுதான்.

கால் போய்விடும் என்று கத்தினேன். என் வாய் முகூர்த்தமோ என்னவோ, சில வாரங்களில் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள்.

கட்டோடு ஊர் திரும்பியவரைப் பார்க்கப் போனேன். இனி மாத்திரையை யாருக்கும் தரமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னேன். அவர் சுற்றியிருந்த வீடுகளைக் கைகாட்டினார்.

"அவிங்களுக்கும் என்னையாட்டவே தலை சுத்துதுங்க அம்மணி. கால் எரியுதுங்க. அவிங்களை நீங்க ஒருநாளாச்சும் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பட்டியலில் இல்லாதவர்களிடம் நான் நின்று பேசியதுகூட இல்லை. வெட்கமாக இருந்தது. அன்று கையிலிருந்த ஊசி தீரும்வரை ஒவ்வொருவர் விரலாகக் குத்திப் பார்த்தேன். நாலு பேருக்குச் சர்க்கரை எகிறிக் கிடந்தது. அவருடைய தங்கை, கால் பெருவிரலில் சுற்றியிருந்த துணியை மெதுவாக அவிழ்த்துக் காட்டினார். உள்ளே அதே மாதிரி ஒரு புண்.

என் பையில் ஒருவருக்கான மாத்திரைதான் இருந்தது.