காமாட்சியம்மாள் அறுத்த நிலைப்படி

வெள்ளிக்கிழமையில் யாராவது நிலைப்படியை அறுப்பார்களா? கண்ணால் பார்த்த எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை. அறுத்தது வேறு யாருமில்லை, காமாட்சியம்மாள்.

வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே பழைய ஓட்டு வீடு அவருடையது. நிலங்கள் கம்பெனிகளுக்குப் போனபின் பிள்ளைகள் குன்றத்தூரில் குடியேறினார்கள். கணவர் வரதராஜுலுவும் இறந்துபோனார். காமாட்சியம்மாள் பின்கட்டை மட்டும் வைத்துக்கொண்டு முன்கட்டை ஊர் சுகாதார நிலையத்துக்குக் கொடுத்தார். நெல் கொட்டிவைத்த கூடத்தில் இப்போது தடுப்பூசி போடுகிறார்கள். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: நிலைப்படியில் யாரும் கைவைக்கக் கூடாது. ஒரு சாண் உயரத் தேக்கு அது. வெள்ளிதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார். தெரியாமல் மிதித்த நர்ஸ் அமலாவையே, "லட்சுமிம்மா அது, தாண்டிப் போ" என்று அதட்டியவர்.

கம்பெனியில் இயந்திரம் சாய்ந்து கால் நசுங்கிய ராஜசேகர் அண்ணன், காலை நீட்டி மடக்கும் பயிற்சிக்கு வெள்ளிதோறும் சக்கர நாற்காலியில் வருவார். வாசலில் சரிவு உண்டு. நிலைப்படியில் சக்கரம் நின்றுவிடும். நானும், அவரைத் தள்ளிக்கொண்டு வரும் மோகனும் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைப்போம். போன வெள்ளி மோகனின் பிடி நழுவி, அண்ணன் சுவரில் இடித்துக்கொண்டார்.

"நான் இன்னா அரிசி மூட்டையா? இனிமே வரமாட்டேன்" என்று கத்தினார்.

"வராத போனா முட்டி மடங்குனபடியே நின்னுடும் ராஜசேகர். அப்புறம் எழுந்து நிக்கவே முடியாது" என்றார் அமலா.

"நிக்காட்டி போவுது. வண்டியத் திருப்புடா மோகா."

கேட்டுக்கொண்டிருந்த காமாட்சியம்மாள், எதிர்வீட்டில் ஜன்னல் மாட்டிக்கொண்டிருந்த தச்சர் புருஷோத்தமனைக் கூப்பிட்டார்.

"இத்த அறுத்துப் போடு."

"இன்னா ஆயா, வெள்ளிக்கிழம அதுவுமா! நான் புள்ளகுட்டிக்காரன், ஆள வுடு."

"அப்ப ரம்பத்தக் குடு."

காலையில் தானே வைத்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தார். ரம்பத்தை வைத்து இழுத்தார். மருந்து வாங்க வந்திருந்த பாஞ்சாலி அக்கா, "ஐயோ முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தேக்கு லேசில் அறுபடவில்லை. கிழவிக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் பொறுக்க மாட்டாமல் புருஷோத்தமனே, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ரம்பத்தை வாங்கினார்.

மரத்துண்டு பெயர்ந்து விழுந்தது. ராஜசேகர் அண்ணன் வாசல்வரை நாற்காலியை உருட்டிவந்து நிறுத்தினார், உள்ளே போகவில்லை. சின்ன வயதிலிருந்து அவரும் படியை மிதிக்காதவர்தான். குனிந்து, படி இருந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இன்னா பாத்துகினு கீற? உருட்டு" என்றார் காமாட்சியம்மாள்.

அண்ணன் தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் போனார்.