பயில்வானின் இடுப்பு

போன வாரம் குளியலறையில் சோப்பை எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பி வந்துதான் நிமிர்த்தினான். அவனே ஆட்டோ வைத்து ஒரு பிசியோதெரபி சென்டரில் கொண்டுபோய் விட்டான். அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் என்று ஒருத்தி இருந்திருந்தால். கட்டிலைக் காட்டி, "குப்புறப் படுங்க சார்" என்றது. அவ்வளவுதான் சொன்னது. எனக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறிவிட்டது.

"கூச்சப்படாதீங்க சார். தெனம் எத்தனை பேர் வராங்க."

கூச்சம் அந்தப் பெண்ணைப் பார்த்து வந்ததல்ல, அந்தப் பெண் பிறப்பதற்கு முன்னாலேயே வந்தது என்று எப்படிச் சொல்வது? படுத்துக்கொண்டேன். முதுகில் ஏதோ தைலத்தைத் தடவியது. கற்பூரமும் எண்ணெயும் கலந்த வாசனை. எப்பலேர்ந்து வலி என்று கேட்டதற்கு, "ரொம்ப நாளா" என்று சொல்லி வைத்தேன்.

எண்ணெய் வாசனை என்றால் எனக்குக் கோதாதான். குஸ்தி போடுகிற மண் குழியைத்தான் கோதா என்போம். செம்மண்ணைச் சலித்து, நல்லெண்ணெயும் மஞ்சள்தூளும் மோரும் விட்டுப் பிசைந்து வைத்திருப்பார்கள். காலையில் மண்ணைக் கொத்திவிட்டால் புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை கிளம்பும். தஞ்சாவூர் கீழவாசல் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் கோதா இருந்தது. நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். லாரியில் கிளீனர், வேதாரண்யத்தில் உப்பு அள்ளுகிற வேலை, கும்பகோணத்தில் ஓட்டல் என்று எங்கேயும் ஒரு பொங்கலுக்கு மேல் நிற்காமல் சுற்றிவிட்டு, தஞ்சாவூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்க வந்து சேர்ந்தேன். கூட மூட்டை தூக்கிய ராஜேந்திரன்தான் என்னைக் கோதாவுக்கு இழுத்துக்கொண்டு போனான். "உன் கழுத்துக்கு மூட்டை மட்டும் தூக்கினா பாவம்டா" என்றான். புகழ்ச்சியாகச் சொன்னானா, எருமை மாடு என்று சொன்னானா, இன்னும் எனக்குத் தெரியாது.

குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் தோற்றாய். குப்புறக் கிடந்தால் தோற்கவில்லை. கைகால்களைச் சுருட்டிக்கொண்டு ஆமை மாதிரி மண்ணைக் கவ்விக்கொண்டு கிடக்கலாம். மேலே ஏறி உட்கார்ந்தவன் புரட்டிப் போட முக்குவான். நான் நல்லபடியாகக் குப்புறக் கிடப்பேன். ஜெயிப்பதைவிடத் தோற்காமல் இருப்பதில் எனக்குச் சாமர்த்தியம் உண்டு. அதற்குக் கழுத்தும் முதுகும் இறுக வேண்டும் என்று, தலையையும் பாதத்தையும் ஊன்றி வயிற்றை மேலே தூக்கி வளைந்து நிற்கச் சொல்வார்கள். அப்படி நிற்கும்போது ஒருநாள் ராஜேந்திரன் என் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்தான். அதுவும் பயிற்சிதான். இடுப்பில் இடது பக்கம் ஏதோ ஒன்று, ஈர வேட்டியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டது.

வலிக்கிறது என்று கோதாவில் சொல்ல முடியாது. இடுப்பில் கை வைத்து நின்றாலே, "என்ன பயில்வான், எத்தனையாவது மாசம்?" என்பார்கள். ஆகவே கூட நாலு தண்டால் எடுத்தேன். பகலில் மில்லில் மூட்டை. வீட்டுக்கு வந்து மணலை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம். காலையில் எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. ஒருக்களித்து, முழங்காலை ஊன்றி, சுவரைப் பிடித்து, சுவரோடு சுவராக ஏறி நிற்க வேண்டும். அம்மா பார்க்காதபடி இதைச் செய்வதற்காக அம்மாவுக்கு முன்னால் எழுந்திருக்கப் பழகினேன். அம்மா ஊரெல்லாம், "கோதாவுக்குப் போனதுலேர்ந்து புள்ளை வெள்ளனவே எந்திரிச்சுடுறான்" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெருமையோடுதான் எனக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டது. திருவிடைமருதூருக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். பெண் பெயர் மல்லிகா. ஆண் வாரிசு இல்லாத வீடு. அவள் அப்பா குத்தகை நிலத்தில் சம்பாவும், அறுப்புக்கு அப்புறம் உளுந்தும் போடுகிறவர். நடவுக்கும் அறுப்புக்கும் வந்து வயலைப் பார்த்துக்கொள்ள உடம்பில் வலுவுள்ள மாப்பிள்ளை வேண்டும் என்று சொல்லியிருந்தார். அம்மா பயில்வான் என்று சொல்லி அனுப்பியிருந்தது. எனக்கும் ஆசைதான். நின்ற இடத்தில் நிற்காத காலுக்கு ஒரு வீடு, ஒரு வயல், ராத்திரி திரும்பி வந்தால் யாரடா என்று கேட்காத ஒரு கதவு. போட்டோவில் பார்த்த முகமும் பிடித்திருந்தது. இந்த ஒருநாள் இடுப்பு என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தால் போதும் என்று சட்டைக்குள் துண்டை வரிந்து கட்டிக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதே என்று வழி நெடுக நின்றுகொண்டே வந்தேன். "உக்கார எடம் இருந்தும் பொம்பளைங்களுக்கு விட்டுட்டு நிக்கிறான் பாருங்க" என்று அம்மா அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

அவர்கள் வீட்டில் நாற்காலி இல்லை. கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். எப்படியோ உட்கார்ந்துவிட்டேன். கேசரி, பஜ்ஜி, காபி. காபி கொண்டுவந்தது மல்லிகாதான். போட்டோவைவிட நிறம் கம்மி, களை ஜாஸ்தி. டம்ளரைக் கொடுக்கும்போது என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

காபி குடித்ததும் அவள் அப்பா, "வாங்க மாப்ள, அப்படியே வயலைப் பாத்துட்டு வந்துடலாம்" என்று எழுந்தார். மாப்பிள்ளை என்று கூப்பிட்டுவிட்டார், கவனியுங்கள். அந்த மகிழ்ச்சியில் வழக்கமான வித்தையை மறந்து சட்டென்று எழப்போனேன். பிடித்துக்கொண்டது. இரண்டு கையையும் ஜமுக்காளத்தில் ஊன்றியபடி, எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நாலு காலில் நின்றேன்.

"என்ன மாப்ள, மாமனார் கால்ல இப்பவே விழுந்துட்ட?" என்றார் எங்களோடு வந்திருந்த என் அக்கா வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். வேர்வை மூக்கு நுனியிலிருந்து ஜமுக்காளத்தில் சொட்டியது.

"இடுப்பு புடிச்சிருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

அம்மா பதறிவிட்டது. யாரோ தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். மல்லிகாவின் அம்மா என்னையும் பார்த்தாள், கதவோரம் நின்ற மகளையும் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "மல்லிகா காலால பொறந்தவ" என்றாள்.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வெளியே வந்த பிள்ளையைக் காலால் பிறந்தது என்பார்கள். அவர்கள் பாதம் பட்டால் இடுப்புப் பிடிப்பும் சுளுக்கும் விட்டுப்போகும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. சுற்று வட்டாரத்தில் அப்படி ஒருவர் இருந்தால் போதும், ஆள் தேடி வந்துவிடும்.

மல்லிகா நகரவில்லை. அவள் அப்பா, "கட்டிக்கப் போறவரை எப்படிம்மா காலால..." என்று இழுத்தார். "கட்டின பொறவுதான் அதெல்லாம் பாவம். இப்ப என்ன, செய்யச் சொல்லுங்க" என்றது என் அம்மா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மிதிக்கச் சொல்லுங்க" என்றேன். வலி அப்படி.

குப்புறப் படுக்க வைத்தார்கள். சட்டையைத் தூக்கினார்கள். உள்ளே வரிந்து கட்டியிருந்த துண்டு எல்லோர் கண்ணிலும் பட்டது. அதை அவிழ்த்தது அவள் அப்பா. மல்லிகா கொலுசைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். அதுவரை என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. முதல் வார்த்தையாக, பஸ் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்பது மாதிரி, "எந்தப் பக்கம்?" என்றாள்.

"இடது பக்கம். கொஞ்சம் கீழ."

"மூச்சை விடுங்க. இறுக்கிப் புடிக்காதீங்க."

குதிகாலை வைத்து லேசாக அழுத்தித் தள்ளினாள். பழகின கால். எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. உள்ளே முறுக்கியிருந்தது மெல்ல அவிழ்ந்தது. காலின் மகிமையா, மூச்சை விட்டதாலா, வெட்கத்தில் உடம்பே தளர்ந்துபோனதாலா, தெரியாது. நான் எழுந்து நின்றுவிட்டேன். நன்றாகவே நின்றேன். பட்ட வெட்கமெல்லாம் அந்த நிமிஷம் மறந்துபோய் ஈயென்று இளித்தேன்.

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "எங்க வீட்டுக்கு வைத்தியமே வருது பாருங்க. எங்க தெருவுல பாதிப் பேருக்கு இடுப்புப் புடிப்புதான். இனிமே ஒருத்தரும் எங்கயும் போக வேணாம்" என்றது. நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கோதாவுலயும் எல்லாருக்கும் இருக்கும்மா, வெளியில சொல்ல மாட்டானுங்க" என்று சேர்ந்துகொண்டேன். மல்லிகா கொலுசை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வயலைப் பார்த்தோம். அறுத்த தாளுக்கு நடுவில் உளுந்து முளைத்திருந்தது. இரும்புக் கம்பி மாதிரி நிமிர்ந்து வரப்பில் நடந்தேன். அவள் அப்பா முன்னால் நடந்தார். திரும்பி வந்து கொல்லையில் கால் கழுவப் போனபோது அடிபம்பில் மல்லிகா நின்றாள். அவளே தண்ணீர் அடித்தாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"சுத்தமா வலி இல்லைங்க."

"நான் அப்பாகிட்ட வேண்டாம்னு சொல்லப் போறேன். உங்ககிட்ட மொதல்ல சொல்லிடலாம்னு நின்னேன்."

தண்ணீர் என் காலில் விழுந்துகொண்டே இருந்தது. "துண்டு கட்டி மறைச்சதுக்கா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லைங்க. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து எங்க வாசல்ல யாராவது குப்புறப் படுத்திருப்பாங்க. சாப்புடறப்ப வருவாங்க, பரீட்சைக்குக் கெளம்பறப்ப வருவாங்க. முடியாதுன்னு சொன்னா பாவம்னு அம்மா அழும். போற வீட்டுலயாவது என் காலு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அம்மாகிட்ட கேட்டு வச்சிருந்தேன். அதுவும் சொல்ல மாட்டேன்னுதான் சொல்லியிருந்துச்சு. உங்களப் பாத்ததும் அதுக்கு மனசு தாங்கல."

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்க. அம்மாகிட்டயும் சொல்லி வைக்கிறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க அம்மா பஸ்ஸு கும்பகோணம் போறதுக்குள்ள சொல்லிடுவாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. நல்லவங்களாத்தான் இருக்கீங்க எல்லாரும்."

அவள் சொன்னது தப்பவில்லை. ஆடுதுறையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு அம்மாள் பக்கத்து சீட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள். அம்மா ஊர் பேர், தெரு, வீட்டு அடையாளம் எல்லாம் சொல்லி, "போய்ப் பாருங்க, என் மருமக" என்றது. பதில் என்ன என்று அம்மாவுக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரியும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெகு நாளைக்கப்புறம் வலியில்லாமல் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் முகம் கூசுகிறது.

அக்கா வீட்டுக்காரர் மூலமாக விஷயம் மில்லுக்குப் போய்விட்டது. பயில்வானைப் பொண்ணு உதைச்சு அனுப்பிடுச்சாம் என்று பேசிக்கொண்டார்கள். ராஜேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு எந்த ஊருடா? எனக்கும் ஆறு மாசமா இருக்கு" என்றான். ஊர் பெயர் மறந்துவிட்டது என்றேன். அவன் நம்பவில்லை, அதோடு பேச்சையும் குறைத்துக்கொண்டான். அடுத்த அறுப்புக்கு முன்னால் நான் திருப்பூர் பஸ் ஏறிவிட்டேன். அங்கிருந்து வேறு ஊர்கள். வலி அவ்வப்போது வந்தது, எந்த ஊரிலும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். பொண்ணு பார்க்க அப்புறம் அம்மா கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது வேலை சொன்னேன்.

இப்போது கோதா இருந்த சந்தில் பைக் நிறுத்துகிறார்கள். மில் குடோன் ஆகிவிட்டது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டது. காலால் பிறந்தவர்களும் இல்லை. பிள்ளை வயிற்றில் திரும்பிக் கிடந்தால் ஸ்கேனிலேயே தெரிந்துவிடுகிறது. நாள் குறித்து, ஆபரேஷன் செய்து எடுத்துவிடுகிறார்கள். எந்தப் பக்கமாக வந்தது என்று யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் தெருவிலேயே வயிற்றில் அப்படித் திரும்பிக் கிடந்த ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அதன் அம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னாள். நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலமானால் அந்தக் குழந்தை வாசலில் பாண்டி ஆடுகிறது. கட்டத்துக்குக் கட்டம் தாவுகிற அந்தக் காலை யாரும் கேட்டு வருவதில்லை.