தையல்காரர் கிரகோரியின் எதிர்க்கட்சி

தேர்தலில் தோற்ற நம்ம ஆள் மறுநாள் காலையில் என்ன செய்வான்? புதுச் சங்கம் ஆரம்பிப்பான். மலாயாவில், சிகாமட் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை போட்டு இருபது வருஷமாக நான் இதைத்தான் பார்த்து வருகிறேன். அந்தப் பழக்கம் ஒட்டாத ஒரே மனுஷர் கிரகோரி. அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நடுவில் எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொழுதன்றைக்கும் அடுப்படியில் கிடப்பவன் நான்.

கிரகோரியின் தையல் கடை என் கடையை ஒட்டியது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமார் போடும் வெள்ளைக் கோட்டெல்லாம் அவர் தைத்ததுதான். ஒல்லியான உடம்பு, மெதுவான பேச்சு, சின்னப் பையனைக்கூட ‘வாங்க, போங்க’ என்பார். ஆனால் மனசில் ஒரு கேள்வி முளைத்துவிட்டால் கேட்காமல் விடவே மாட்டார். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சாமியாரை வழிமறித்துப் பிரசங்கத்தில் சந்தேகம் கேட்பார். அவர் மனைவி கெர்ட்ரூட் என்னிடம் ஒரு நாள் சொன்னாள்: “கல்யாணத்தன்னைக்கு ‘இந்தப் பொண்ணக் கட்டிக்கச் சம்மதமா’ன்னு சாமியார் கேட்டா, ‘அவங்களக் கேட்டாச்சா சாமி’ன்னு திருப்பிக் கேட்டவரு பாய் இவரு!”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் எங்கள் ஊர்த் தமிழர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. ஒரு பக்கம் மூர்த்தி, எஸ்டேட்டுப் பெரிய கிராணி, நல்ல செல்வாக்கு. இன்னொரு பக்கம் கிரகோரி. ஊரே இரண்டு கட்சியாகிவிட்டது. என் கடையில் சுவரோர மேசை மூர்த்தி கட்சி, வாசல் மேசை கிரகோரி கட்சி. இரண்டு மேசைக்கும் ஒரே மீன் குழம்புதான் போனது, ஆனால் எதிர் மேசைக்குத்தான் நல்ல துண்டாகப் போகிறது என்று இரண்டு கட்சியுமே சண்டைக்கு வந்தன. அலமாக், அந்த ஒரு மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆளுக்கொரு ரப்பர் கொட்டை கொடுத்து, திரைக்குப் பின்னால் இருந்த இரண்டு தகர டின்னில் ஒன்றில் போடச் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தால் மூர்த்திக்கு அறுபத்தொன்று, கிரகோரிக்கு ஐம்பத்தெட்டு.

மறுநாள் காலை நான் ரொட்டி போட்டுக்கொண்டிருக்கிறேன், கிரகோரி வாசல் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், செல்லப்பன் வந்து அவர் முன்னால் நிற்கிறான். ரயில் பாதைக் கங்காணி, ஆற்றோரத்து ரயில்வே லயத்து வீட்டு வரிசையில் குடியிருப்பவன், கிரகோரி கட்சியில் தொண்டை பெருத்த ஆள். பின்னால் பத்துப் பேர்.

“அண்ணே, புதுச் சங்கம் போட்டுருவோம். பேர்கூட யோசிச்சாச்சு.”

கிரகோரி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: “பள்ளிக்கூடத்துக்கு நெலம் கேட்டு மனு குடுத்திருக்கோமே, அது எந்தச் சங்கத்துக்கு வரும்?”

டவுன் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடையாது. ஒரு சங்கமாக வாருங்கள், நிலம் தருகிறேன் என்று மாவட்டத் துரை சொல்லியிருந்தார். இரண்டாகப் போய் நின்றால், முதலில் உங்கள் சண்டையைத் தீர்த்துவிட்டு வாருங்கள் என்பார். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

“நாம இங்கயே இருப்போம்” என்றார் கிரகோரி. “நடத்துறது ஜெயிச்சவங்க வேல. கேள்வி கேக்குறது நம்ம வேல. அதுவும் வேலதான் லா.”

மனசில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். மறு வருஷம் நிலமும் வந்தது, ஆற்றுப் பக்கமாக. மரக்கால் நட்டு, மேலே பலகைத் தளம் போட்டு, தகரக் கூரை வேய்வது என்று சங்கக் கூட்டத்தில் முடிவாயிற்று. கால் உயரம் மூன்றடி என்றார் மூர்த்தி.

கிரகோரி எழுந்தார். “பழைய வெள்ளத்துல தண்ணி எவ்வளவு ஏறுச்சு?”

யாருக்கும் நினைவில்லை. மனுஷர் நேராக என் கடைக்கு வந்து, சுவரில் இருந்த வெள்ளக் கறையைத் துணி அளக்கும் டேப்பாலேயே அளந்தார். நாலரை அடி. பள்ளிக்கூட நிலமோ என் கடையைவிட ஓரடி பள்ளம். ஆறடியாவது வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் சொன்னார். அதற்கடுத்த கூட்டத்திலும் சொன்னார். ஆறடிக்கு மரம் கூடுதல், செலவு கூடுதல். மூர்த்தி கட்சிக்காரர்கள் இரண்டு தடவையும் கை தூக்கித் தோற்கடித்தார்கள். “தோத்த வயித்தெரிச்சல்” என்றார் மூர்த்தி, எல்லார் காதிலும் விழும்படி.

அன்று சாயங்காலம் வாசல் மேசையில் செல்லப்பன் ஒரு யோசனை சொன்னான். “விடுங்கண்ணே, மூணடியிலேயே கட்டட்டும். ஒரு வெள்ளம் வந்தாப் போதும், மூர்த்தி கட்சி மூழ்கிரும். அடுத்த எலெக்‌ஷன் நம்ம கையில.”

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன்? கிரகோரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்து அன்றுதான் பார்த்தேன்.

“வெள்ளம் வர்றப்ப உள்ள உக்காந்திருக்கப் போறது மூர்த்தி கட்சியா? புள்ளைங்க! உங்க புள்ளைங்களும்தான் செல்லப்பன்!”

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து மதியத்துக்குமேல், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, மூர்த்தியை என் அடுப்படிக்கே கூட்டி வந்துவிட்டார். நான் தேத்தண்ணி கலக்கி வைத்தேன்.

“சார், நான் சொன்னா உங்க ஆளுங்க கை தூக்க மாட்டாங்க. நீங்க சொல்லுங்க. உங்க யோசனையாவே இருக்கட்டும். நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

மூர்த்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இதுல உங்களுக்கு என்ன லாபம்?”

“எம்பொண்ணு டொரத்திக்கு ஏழு வயசு. அங்கதான் படிக்கப் போறா.”

மூர்த்தி தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “பாய், இங்க பேசினது இங்கயே இருக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நானும் வாக்குக் கொடுத்தேன். இப்போது மட்டும் சொல்கிறாயே என்கிறீர்களா? மூர்த்தி வேலை முடிந்து ஊருக்குக் கப்பல் ஏறப் போகும்போது, “இனி சொல்லலாம் பாய், எல்லாருக்கும் சொல்லுங்க” என்று அவரே சொல்லிவிட்டார்.

அடுத்த கூட்டம். மூர்த்தி எழுந்தார். “நல்லா யோசிச்சுப் பாத்தேன். காலு ஆறடி இருக்கட்டும்.”

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது! செல்லப்பன் துள்ளி எழுந்தான்.

“மூணடின்னு சொன்னதே நீங்கதானே? இப்ப என்ன திடீர்னு ஆறடி? மர காண்ட்ராக்ட் யாருக்குப் போவுது, அதச் சொல்லுங்க!”

யா அல்லா! எந்த ஆறடிக்காக இத்தனை நாள் தொண்டை வற்றக் கத்தினார்களோ, அதே ஆறடியை, மூர்த்தி வாயில் வந்துவிட்டது என்பதற்காகவே கிரகோரி கட்சி எதிர்த்தது. மூர்த்தி பக்கத்திலும் செலவுக்குப் பயந்த சிலர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். வேண்டும் என்று இருபத்துநாலு கை. வேண்டாம் என்று இருபத்துநாலு. கிரகோரி இன்னும் தூக்கவில்லை.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். “தூக்கிராதீங்கண்ணே” என்றான் செல்லப்பன். கெஞ்சுகிற குரல்தான் அது.

கிரகோரி தன் ஆட்களை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஆறடிக்காகக் கையைத் தூக்கினார்.

“எவ்வளவு வாங்கினீங்க?” என்று செல்லப்பன் சபையில் வைத்துக் கேட்டான். என் நாக்கு துடித்தது. கிரகோரி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார், வேண்டாம் என்று.

அதற்குப் பிறகு வாசல் மேசையில் அவரோடு யாரும் உட்காரவில்லை. செல்லப்பன் தன் காக்கி உடுப்பைச் சீனன் கடையில் தைக்கக் கொடுத்தான். கெர்ட்ரூட் அழுதாள். “ஒரு வார்த்த சொன்னா என்ன? ஊரே துரோகிங்குது!”

“சொன்னா மூர்த்தி சாருக்குத் தலகுனிவு. நாளைக்கு நான் ஒண்ணு சொன்னா அவரு காது குடுக்க மாட்டாரு” என்றார் கிரகோரி.

அடுத்த தேர்தலிலும் அவர் நின்றார். எதற்கு இந்த வீண் வேலை என்று கேட்டேன். “நான் நிக்கலன்னா அவரு ஒருத்தர்தான். அப்ப ஜனங்க எதுக்கு வரணும் பாய்?” என்றார். அந்தத் தடவை அவருக்கு விழுந்தது பத்தொன்பது. அதில் ஒன்று நான் போட்டது.

முப்பத்தைந்தாம் வருஷம், பொங்கல் முடிந்த வாரம். நாலு நாளாக விடாத மழை. ஐந்தாம் நாள் காலை, பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆறு கரை மீறியது. பாதை மூழ்கிவிட்டது, பிள்ளைகள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். நான் சோற்றுச் சட்டியோடு சம்பான் படகில் ஏறினேன், கிரகோரியும் கூட வந்தார். வழியெல்லாம் அவர் வாயில் செபம், என் வாயில் துஆ. போய்ப் பார்த்தால், தண்ணீர் தளத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது. உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். டொரத்தி எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். கிரகோரி சம்பானிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் செல்லப்பன் இன்னொரு சம்பானில் வந்தான். லயம் கூரைவரை போய்விட்டதாம். உள்ளே ஓடி, தன் இரண்டு பிள்ளைகளையும் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தான். பிறகு கிரகோரிக்கு முன்னால் வந்து நின்றான்.

“அண்ணே, நான் வேணாம்னு கை தூக்கினேன். நீங்களும் எங்களோட சேந்திருந்தா…”

கிரகோரி அவன் ஈரச் சட்டையைத் தொட்டார். “மொதல்ல இதக் கழட்டுங்க, சளி புடிச்சிக்கும்” என்றார்.

இரண்டு நாள் எல்லாரும் மேலேயே இருந்தோம். தண்ணீர் வடிந்த மாசம் சங்கம் கூடியது. மூர்த்திக்கு மாலை மேல் மாலை. ஆறடியைப் பற்றி அவர் அரை மணி நேரம் பேசினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

“கேள்வி ஏதாவது இருக்கா?” என்று வழக்கம்போலக் கேட்டார். அன்றைக்குப் போய் யார் கேட்பார்கள்?

கிரகோரி எழுந்தார். “புள்ளைங்க ரெண்டு நாளு மேல இருந்தாங்க. கக்கூஸ் கீழ தண்ணிக்குள்ள போயிருச்சு. பொம்பளப் புள்ளைங்க ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. அதுக்கு என்ன வழி?”

“நல்ல நாள்ல இதுவா பேச்சு? உக்காருங்க!” என்று மூர்த்தி பக்கத்தில் நாலைந்து பேர் கத்தினார்கள்.

பின்வரிசையிலிருந்து செல்லப்பனின் பெருத்த தொண்டை கேட்டது.

“உக்கார மாட்டாரு. நானும் அதத்தான் கேக்குறேன்.”

மூர்த்தி மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“சொல்லுங்க கிரகோரி. இது எத்தன அடி வேணும்?”