வெள்ளி நானாவுக்காகக் கொழும்புக்குப் போன ஹலீமா ராத்தா

ஹலீமா ராத்தா மௌத்தாம்... சுபஹுத் தொழுகைக்குப் பிறகு உம்மா கோல் எடுத்துச் சொன்னா.

மரணச் செய்தி கேட்டு அழுதேன். ஆனால் அவர் முகம் நினைவுக்கு வந்ததும் சிரிப்பும் வந்துவிட்டது. என்ன செய்ய, மனிசி அப்படி!

கல்முனையில் எங்கள் பக்கத்து வீடு. ராத்தா என்றால் அக்கா; உம்மாவுக்கும் ராத்தா, எனக்கும் ராத்தா. சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த வீட்டில், அடுப்பு மூட்டுவதற்கு முன்பே வளவில் முருங்கைக் கொப்பு நட்டவர்.

அந்த முருங்கைதான் என் கெம்பஸ் ப்ராஜெக்ட். இலை அவித்த தண்ணீரில் வெள்ளி உப்பைக் கலந்தால் கண்ணுக்குத் தெரியாத வெள்ளி நானோ துகள்கள் உண்டாகும். வேறு நச்சுக் கெமிக்கல் எதுவும் தேவையில்லை. அதை லெப்பில் வளர்க்கும் கென்சர் செல்களில் விட்டுப் பார்ப்போம்.

யுத்த காலம். கெம்பஸுக்குக் கொண்டுபோகும் காய்ந்த இலைப் பையைச் செக்பொயின்ட்டில் எத்தனை முறை மோந்து பார்த்தார்கள்!

லீவில் வந்திருந்த ஒருநாள் போனில் சிநேகிதியிடம் "வெள்ளி நானோ சரி வந்திட்டு" என்று கத்தினேன். எங்கள் பக்கம் அண்ணன் என்றால் காக்கா. நானா என்றால் கொழும்புப் பக்கத்து அண்ணன்... வேலிக்கு மேலால் ராத்தாவின் தலை தெரிந்தது.

"யாருகா அந்த நானா? வெள்ளிக்கிழமையில மட்டுந்தான் வருவாரா? உம்மாக்குத் தெரியுமா?"

விளங்கப்படுத்துவதற்குள் சிரித்துச் சிரித்தே வயிறு நொந்துவிட்டது. அதற்குப் பிறகு இலை ஒடிக்கும்போதெல்லாம், "இந்தா, நானாக்குச் சாப்பாடு" என்பார்.

அடுத்த லீவில் வந்தபோது ராத்தாவின் மார்பில் கட்டி. கென்சர். கொழும்புக்கு உடனே போக டொக்டர்மார் சொல்லியிருந்தார்கள். போகமாட்டாராம்.

"என்னத்துக்குக் கொழும்பு? வெள்ளி நானா இரிக்காருதானே. என்ட இலையில வந்த மருந்து எனக்குக் கேக்காதா?"

"ராத்தா, அது இன்னும் கண்ணாடித் தட்டுக்குள்ளதான் இரிக்கி! மனிசருக்கு வர எத்தின வருசமோ தெரியா. இப்ப போகாட்டி நீங்க இரிக்க மாட்டீங்க!" கத்தியே விட்டேன்.



"அப்ப... நானா வாறத்தக் காணணும் எண்டா, நான் கொழும்புக்குப் போகத்தான் வேணும், என்ன?"

"ஓம் ராத்தா."

அந்த வாரமே பஸ் ஏறினார். ஒப்பரேஷன், முடி கொட்டும் ஊசி எல்லாம் முடிந்து ஊருக்கு வந்தபோது யுத்தமும் முடிந்திருந்தது. "முடி போனா என்னகா, முக்காட்டுக்குள்ள யாரு பாக்கப் போறா!" என்றார்.

பிறகு ஒவ்வொரு நோன்புப் பெருநாளிலும் ஒரே கேள்வி. "நானா எங்க வரைக்கும் வந்திட்டாரு?"

"எலி வரைக்கும் வந்திட்டாரு ராத்தா. இப்ப எலிக்குத்தான் குடுத்துப் பாக்காங்க."

"எலிக்குக் குடுத்து வெச்சிரிக்கி!"

மௌத்துக்குக் காரணம் கென்சர் இல்லையாம். வயது. நித்திரையிலேயே போய்விட்டார். முருங்கை பூத்திருக்கிறதாம், உம்மா சொன்னா...

நானா இன்னும் வழியிலதான், ராத்தா. நீங்க முந்திட்டீங்க. அல்லாஹ் உங்கட கப்ருக் குழிய வெளிச்சமாக்கட்டும்.