வடபுறத்தில் எவரும் இல்லை

வாருங்கள், வந்து சாட்சியாக நில்லுங்கள்! எங்கள் வெதர்காம் ஊரில், ஒரே ஒரு வரியைக் கொண்டு மனிதர்களை அவர்கள் குழியிலிருந்தும் வெளியேற்றப் பார்க்கிறார்கள். அந்த வரியை எழுதிய கை என்னுடையது. இனி நான் சொல்வது நடந்தது, நடந்தபடியே சொல்கிறேன். நம்பாதவர்கள் எங்கள் ஆலயக் கோபுரத்தின் எழுபத்திரண்டு படிகளையும் ஏறிப் பார்க்கட்டும்.

1958 நவம்பர். ஆலயத்துக்கு எழுநூறு ஆண்டு நிறைவதால், ஊரின் வரலாற்றைச் சிறு நூலாக எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருந்தார்கள். சந்தை தொடங்கிய கதை, கம்பளி வணிகம், பாலத்தை வெள்ளம் கொண்டுபோன ஆண்டு, எல்லாவற்றையும் எழுதினேன். எஞ்சியது கல்லறைத் தோட்டத்தின் வடபுறம். ஆலயத்தின் நிழல் விழும் பக்கம் அது. கல்லறைக் கல் ஒன்றுகூட இல்லை, புல் மட்டும். அங்கே கார்கள் நிற்கத் தளம் போட ஆலயக் குழு தீர்மானித்திருந்தது. அதற்குத் துணையாக நூலில் ஒரு வரி வேண்டும்: 'வடபுறத்தில் எவரும் அடக்கம் செய்யப்படவில்லை.'

பழைய ஏழை விடுதியில் இறந்தவர்களை அங்கேதான் புதைத்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை வைத்துக்கொண்டு குழுவில் மூன்று மாதம் வாதாடினேன்.

"ஆதாரம் எங்க, மிஸ்டர் ஹாலட்?" என்றார் பாதிரியார் கேஸ்கார்த். "புல்லு வந்து சாட்சி சொல்லுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் களைப்பாக இருந்தது. தூங்கி எழுந்தாலும் தீராத, பேசிப் பேசி வந்த களைப்பு. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பதினெட்டாம் தேதி, செவ்வாய். அச்சுப்படி என் சட்டைப்பையில். ஐந்து மணிக்குள் கையெழுத்திட்டு அச்சகத்துக்குத் தர வேண்டும். பெரிய மணியில் பொறித்த எழுத்துகளை மட்டும் சரிபார்க்க வேண்டியிருந்தது. மாலை 3.50. கோபுரத்தின் அடியில், மணியடிப்பவரான ஈனாக் பிட்டில் என்பவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மேலயா போறீங்க? போன தடவ நம்ம பாதிரியார் பாதிப் படியிலயே ஜெபத்த ஆரம்பிச்சிட்டாரு."

"நான் மேல இருக்கும்போது மணிய அடிச்சுத் தொலைச்சிடாதீங்க, ஈனாக்."

"எத வெச்சு அடிக்கிறது? கயித்தையெல்லாம் கழட்டிப் பழுதுபாக்க அனுப்பியாச்சு ஐயா. வெள்ளிக்கிழமதான் வரும்."

ஏறினேன். 4.02. வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. கோபுரத்தில் எப்போதும் கத்தும் காக்கைகள் அன்று கத்தவில்லை. இருந்தன. வரிசையாக. என்னையே பார்த்தபடி. அவ்வளவு உயரத்தில்... ஈர மண்ணின் வாடை.

4.10.

டங்... டங்.

எங்கள் ஊரில் சாவு மணிக்கு ஒரு கணக்கு உண்டு. ஆணுக்கு மும்மூன்றாக மூன்று முறை. பெண்ணுக்கு இரண்டிரண்டாக மூன்று முறை. குழந்தைக்கு ஒவ்வொன்றாக மூன்று முறை. பிறகு, இறந்தவரின் ஒவ்வொரு வயதுக்கும் ஓர் அடி.

இரண்டு. இரண்டு. இரண்டு.

பெண்.

கையிலிருந்த விளக்கை மணிப் பக்கம் திருப்பினேன். மணி அசையவில்லை. அதன் நாக்கும் அசையவில்லை. உள்ளங்கையை வைத்தேன்... வெண்கலம் நடுங்கியது.

வயது தொடங்கியது. எண்ணினேன். பத்தொன்பது. நின்றது.

4.14. மறுபடியும்.

டங்...

டங்...

டங்...

குழந்தை.

வயதுக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

எப்படி இறங்கினேன் என்பது நினைவில் இல்லை. ஈனாக் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"யாரு போயிட்டாங்க ஐயா?"

"நீங்க அடிக்கல?"

"கயிறே இல்லன்னேனே!"

"அந்தக் குழந்தைக்கு... வயச அடிக்க மறந்துட்டாங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "மறக்கல. ஒரு வயசு நெறையாததுக்கு அடிக்க என்ன இருக்கு?"

நான் கையெழுத்திடவில்லை. மறுநாள் காலை மாவட்டத் தலைநகருக்கு ரயில் ஏறினேன். அங்கே ஆவணக் காப்பகத்தின் அடி அறையில், ஏழை விடுதியின் இறப்பு ஏடு கட்டுப் பிரிக்கப்படாமல் கிடந்தது.

கெசாயா பிளம், வயது பத்தொன்பது. அவளுடைய ஆண் குழந்தை, பிறந்து ஒரு நாள், பெயரில்லை. அடக்கம்: 1841 நவம்பர் 18, வடபுறம். அதே தேதி! ஓரத்தில் இரண்டே சொற்கள்: 'மணி இல்லை.' விடுதியில் செத்தவர்களுக்கு ஆலயமணி அடிக்கக் கூடாது என்பது அன்றைய குழுவின் தீர்மானம்.

அந்த ஏட்டில் இருநூற்றுப் பதின்மூன்று பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் அருகிலும் அதே இரண்டு சொற்கள்.

ஏட்டைக் காட்டினேன். "எழுத்து தெளிவா இல்லையே" என்றார் பாதிரியார். தளம் போடும் தீர்மானம் முப்பதாம் தேதி, ஞாயிறு காலை 11.30க்கு வாக்குக்கு வருகிறது. வெதர்காம் மக்களே, வீட்டில் உட்கார்ந்து உச்சுக்கொட்டாதீர்கள். வாருங்கள். அதற்கு எதிராகக் கையை உயர்த்துங்கள். பிறகு கோபுரத்தின் அடிக்கு வாருங்கள். கயிறு திரும்பி வந்துவிட்டது. இன்னும் இருநூற்றுப் பதினொரு பேர் பாக்கி. ஆளுக்கொரு கை கொடுத்து அடியுங்கள். அவர்களாகவே மணியை அடித்துக்கொள்ளும்வரை விட்டுவைக்காதீர்கள்.