குடும்பத்துக்கு மட்டும்

என் மகள் கோலாலம்பூரில் ஒரு கிளினிக்கில் இருக்கிறாள். கழுத்து, தோள், இடுப்பு என்று வலியோடு வருகிறவர்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் வேலை. கிளினிக்குக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் உண்டு. அதில் அவள் முதல் வீடியோ போட்ட அன்று, கோலா சாவா பக்கம் இருக்கும் எங்கள் எஸ்டேட்டின் வரிசை வீட்டு லயமே ஃபோனும் கையுமாக உட்கார்ந்துவிட்டது.

அவள் கழுத்து வலியைப் பற்றிப் பேசுகிறாள். நான் கீழே, ‘தங்கம், ஏன் இப்படி மெலிஞ்சிட்ட? சாப்பிட்டியா?’ என்று எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரி விடுவாளா? ‘பாப்பா, ஒங்கம்மா மாங்கா ஊறுகா போட்டு வெச்சிருக்கு, எப்ப வர்ற?’ என்றாள். எஸ்டேட்டில் எங்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் இன்னும் ஒரு படி மேலே போய், சின்ன வயதில் அவள் மாட்டுக்குப் பயந்து சாக்கடையில் விழுந்த கதையை முழுசாக எழுதிவிட்டார். ஆளைப் பார்த்தால் கேட்பதுதானே எங்கள் பழக்கம்?

அன்று மத்தியானமே கூப்பிட்டாள்.

“அம்மா, அது கிளினிக் பக்கம்மா. பேஷண்ட்ஸ் படிக்கிறாங்க, பாஸ் படிக்கிறாரு.”

“நான் என்ன கெட்ட வார்த்தையா பேசிட்டேன்?”

“ஐயோ, இல்லமா. வேலை வேற, வீடு வேற லா. குடும்பத்துக்கு மட்டும்னு ஒரு அக்கவுண்ட் தொறக்கிறேன். அங்க எவ்ளோ வேணும்னாலும் பேசு. இங்க வேணாம். சரியா?”

சரி என்று வாக்குக் கொடுத்தேன். அவள் கேட்டதிலும் தப்பில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றபோது நானும் வீட்டுச் சண்டையை முகத்தில் காட்டியதில்லை.

ஆனால் குடும்பத்துக்கு மட்டும் என்று திறந்த இடத்தில் இதுவரை இரண்டே படங்கள்தான். ஒன்று யார் வீட்டுப் பூனையோ. இன்னொன்று மீ கோரேங் நூடுல்ஸ் தட்டு. அந்தத் தட்டுக்குக் கீழே நான் ஆறு வரி எழுதினேன். அவள் ஓர் இதயம் போட்டாள். புதன்கிழமைகளில் வேலை முடிந்து காரில் வீடு திரும்பும்போது கூப்பிடுவாள். வீடு வந்துவிட்டால் பேச்சும் நின்றுவிடும். கிளினிக் பக்கத்திலோ தினமும் சிரிக்கிறாள், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் நேரலையில் வந்தாள். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். என் முகத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி தன் ஃபோனை நீட்டினாள். முறுக்கு விற்பதற்கென்று அவளும் புதிதாகத் தனி அக்கவுண்ட் வைத்திருந்தாள்.

“இதுல கேளுக்கா. இதுல என் மூஞ்சி இல்ல, முறுக்கு மூஞ்சிதான். வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டு ஃபோனுக்கு எதுக்கு சார்ஜு?”

மலாயில் எழுதச் சொன்னேன்: வலது கை தோளுக்கு மேலே போகவில்லை, தலை சீவ முடியவில்லை. பொய்யில்லை. மகளிடம் இதுவரை சொல்லாத வலி.

அவள் படித்தாள். நேராக என்னைப் பார்த்தாள். யாரோ ஓர் அம்மாளைக் கூப்பிடுவதுபோல மலாயில் ‘புவான்’ என்று ஆரம்பித்தாள். “புவான், சுவத்தைப் பாத்து நில்லுங்க. விரலாலேயே மெதுவா சுவத்துல ஏறுங்க. வலிச்சா நிறுத்திக்குங்க. அவசரமே இல்ல.”

ஃபோனை மைலோ டின்னில் சாய்த்து வைத்துவிட்டு நான் ஏறினேன். அங்கே அவளும் ஏறினாள். அவசரமே இல்லை என்று என்னிடம் அவள் சொல்லி எத்தனை வருஷமாயிற்று!

“முன்ன என்ன வேலை செஞ்சீங்க, புவான்?”

என் கை சுவரில் இருந்ததால் பக்கத்து வீட்டுக்காரிதான் தட்டினாள்: எஸ்டேட்.

மகள் அதைப் படித்துவிட்டுச் சுவரிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, முகம் தெரியாத அத்தனை பேருக்கும் கேட்க, “எங்கம்மாவும் எஸ்டேட்தான். முதுகுல களை மருந்துப் பம்பு தூக்கினவங்க. எங்க வலிக்குதுன்னு மட்டும் வாயத் தொறக்க மாட்டாங்க” என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கிள்ளினாள். “கேளு, அம்மாவைப் பாக்க எப்பப் போவீங்கன்னு கேளு” என்றேன்.

“அக்கா, மாட்டிக்குவோம்.”

“தட்டுடி.”

மகள் படித்துவிட்டுச் சிரித்தாள். “அது பர்சனல் லா, புவான்” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

“நல்லா வளத்து வெச்சிருக்க!” என்று பக்கத்து வீட்டுக்காரி ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை வழக்கம்போலக் கூப்பிட்டாள். “ஒடம்பு எப்படிமா இருக்கு?”

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்.”

தோள் என்று வாயைத் திறந்தால் முறுக்குக்காரி யாரென்று தெரிந்துவிடும். கொடுத்த வாக்கை மீறியதும் தெரிந்துவிடும். இடது கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, வலது கையைச் சுவரில் வைத்து விரலால் ஏறிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையைவிடக் கை ஒரு சாண் மேலே போயிருந்தது. அவளிடம் சொல்ல முடியாத அதை வேறு யாரிடமும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.