விளக்கு ஏற்றினால் குளிரும் அறை

நாவலப்பிட்டிப் பாதையில் மண் சரிந்து, பஸ் எல்லாம் கெலிஓயாவோடு திரும்பிய மழை ஒன்று இருந்தது. என் மச்சான் அந்த மழையில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். அது வேறு கதை. இது அதற்கு அடுத்த மழையில் நடந்தது.

நான் மஹய்யாவயில் வயரிங் வேலை பார்த்தவன். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஓய்வு பெற்ற பெரிய கிளாக்கர் ஒருவர் மனைவியோடும் மகளோடும் பழைய பங்களாவில் இருந்தார். கனடாவிலிருந்த மகன், சுவரோரம் தரையை ஒட்டிப் பூட்டும் நீளமான கரண்ட் ஹீட்டர் இரண்டு அனுப்பியிருந்தான். ஒன்றை ஹாலிலும் மற்றதைப் படுக்கையறையிலும் பூட்டினேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தெர்மோஸ்டாட், ஹால் சுவரில். அது குளிர் என்று நினைத்தால் 'டிக்', இரண்டும் சுடும். சூடு என்று நினைத்தால் 'டிக்', இரண்டும் அணையும்.

"வீட்டுக்குள்ள பல்லி ஒன்னு விட்டுட்டுப் போறீங்க பாஸ்" என்று அந்த அம்மா சிரித்தார். ரொட்டியும் கட்டசம்பலும் தந்தார். அப்படி ஒரு காரத்தை நான் பிறகு தின்றதில்லை.

மழை தொடங்கியதும் அந்த அம்மா இறந்துபோனார். சில நாளில் மகள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். நான் போனபோது வாசலிலேயே நின்றாள்.

"பாஸ், அம்மா அப்பாவக் கூட்டிட்டுப் போகப் பாக்குறாங்க."

"என்ன தங்கச்சி சொல்றீங்க?"

"அம்மா படத்துக்கு விளக்கு ஏத்துனா, கொஞ்சத்துல டிக்குன்னு கேக்குது. அதோட அப்பா ரூம் ஐஸாயிடுது. விளக்கு அணைஞ்சாத்தான் சூடு வருது. அவருக்கு நெஞ்சுச் சளி. குளிர் பட்டா தாங்க மாட்டாருன்னு டொக்டர் சொல்லிட்டாரு. கருமாதி வரைக்கும் விளக்க அணைக்கவும் ஏலாது. நான் என்ன செய்ய?"

உள்ளே போய்ப் பார்த்தேன். தெர்மோஸ்டாட்டைப் பூட்ட நான் அடித்திருந்த பலகை கீழே கொஞ்சம் நீண்டிருந்தது. ஆணி சுலபமாக ஏறும் என்று படத்தை அதில் மாட்டியிருந்தார்கள். அதன் முன்னால் விளக்கு. சுடரின் சூடு நேரே மேலே போய்த் தெர்மோஸ்டாட் பெட்டியில் பட, வீடே சுடுகிறது என்று அது இரண்டு ஹீட்டரையும் அணைத்துக்கொண்டிருந்தது.

சொன்னதும் மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. படத்தையும் விளக்கையும் எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். சற்று நேரத்தில் 'டிக்'.

படுக்கையறையிலிருந்து பெரியவர் கூப்பிட்டார்.

"தம்பி, அவள ஏன் எழுப்புன?"

"நான் யாரையும் எழுப்பலைங்க ஐயா. விளக்கத்தான் மாத்துனேன்."

"இங்கதான் படுத்திருந்தா. டிக்குன்னதும் எந்திரிச்சிட்டா."

கட்டிலின் சுவர்ப்பக்கத்தைக் காட்டினார். ஹீட்டர் ஒரு முழம் தள்ளிக் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பக்கத்து மெத்தை ஆற்றுக்கல் போலக் குளிர்ந்து கிடந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு மட்டும். மகளும் தொட்டாள். தொட்ட கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு விம்மினாள்.

பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் வாரேன்னு அவகிட்ட சொல்லியிருந்தேன். இந்தப் புள்ள அழுகுறதப் பாத்தா எப்பிடிப் போறது? நீ அவளப் பொதச்ச பக்கமாத்தானே எறங்குற? சொல்லிட்டுப் போ தம்பி. அவரு இப்ப வரலையாம்னு."

தேயிலைக்கு நடுவே புது மண்மேடு. மழை விட்டபாடில்லை. கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகவே சொன்னேன். "அம்மா, ஐயா இப்ப வரலையாம்." வெந்நீர் ஊற்றிய தரைபோல மேட்டிலிருந்து ஆவி எழும்பியது. திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.

பெரியவர் தேறினார். மகள் கல்யாணத்துக்கு எனக்கும் சொல்லி அனுப்பினார்.

இந்த வேலை செய்கிற யாரையாவது கண்டால் நீங்கள் சொல்லிவிடுங்கள். பெட்டிக்குக் கீழே படம் மாட்ட இடம் வைக்க வேண்டாம். ஏற்கெனவே மாட்டியிருந்தால், கழற்றும் முன் பக்கத்து அறையில் படுத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.